பிழைத்தவள் ஏன் ஒளிய வேண்டும்?

(பென்னாகரத்தில், மார்புப் புற்றுநோய் கண்டு மீண்ட பெண்களைப் பாராட்டக் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் நாட்டுப் பொது மேடைகளில் சாதாரணமாகப் பேசப்படாத விஷயமாகும். மார்பில் புற்றுநோய் கண்டு, அறுவையும் மருந்தும் செய்துகொண்டு, பிழைத்து வந்து நம்மிடையே நடமாடும் பெண்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணையாய் இருப்பதும், தாங்கள் பிழைத்ததை ஒரு விழாவாகக் கொண்டாடுவதும் அவசியமா அநாவசியமா என்பதே அந்த விஷயம். இக்கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட சிலர் இரண்டு ஆட்சேபணைகள் சொன்னார்கள். ஒன்று, இது பெண்களின் அந்தரங்க வியாதி, இதை நாலு பேர் நடுவில் பேசலாமா என்பது. மற்றொன்று, வியாதி வந்ததற்கு அழவேண்டியிருக்க அதற்கு விழா வேறு ஒரு கேடா என்பது. இவ்விரண்டுக்கும் சமாதானம் சொல்லிவிட்டால் நாம் வந்த காரியம் முடிந்துவிடும் என்றே கருதுகிறோம்.

முதல் ஆட்சேபணையை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் குழந்தை வயதுக்கு வந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஊருக்கெல்லாம் பத்திரிகை அடித்து, ஆளுயரப் படம் போட்ட பேனர் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, தாய்மாமன் சீரைத் தட்டுத் தட்டாக மேளத்தோடு கொண்டுவந்து, பந்தி போட்டு, மொய் எழுதி வாங்குகிறோம். அந்தக் குழந்தையின் உடம்பில் உண்டான மாறுதல் மளிகைக் கடைக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரையில் தெரிந்தே ஆகவேண்டும் என்று நினைக்கிறோம். அப்போது இந்த அந்தரங்கம் எங்கே போயிற்று? அந்தக் குழந்தை கூனிக் குறுகி மணையில் உட்கார்ந்திருக்கிறதே, அதன் வெட்கத்தை எவராவது கேட்டதுண்டா? ஆனால் அதே பெண் தன் நாற்பத்தைந்தாவது வயதில் மார்பில் ஒரு கட்டியைத் தடவிக் கண்டால், அப்போது மாத்திரம் அது அந்தரங்கமாகிவிடுகிறது. புருஷனிடம் சொல்லக் கூச்சம். மகனிடம் சொல்லக் கூச்சம். டாக்டர் ஆணாயிருந்தால் அவரிடம் காட்டக் கூச்சம். வாய் திறந்து "முலை" என்று சொல்லக்கூட முடியாமல், "நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது" என்று சொல்லி, நெஞ்சு வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களும் உண்டு. இயற்கையாக நடக்கிற காரியத்துக்கு மேளதாளம். சாவின் வாயிலிருந்து மீண்டு வந்ததற்குக் கதவடைப்பு. இதுதான் நம்முடைய ஒழுக்கத்தின் யோக்கியதை!

தலைமயிர்ச் சங்கதியையும் பாருங்கள். திருப்பதிக்கோ பழனிக்கோ போய் ஒரு பெண் மொட்டை போட்டுக்கொண்டு வந்தால் அது புண்ணியம். சந்தனம் பூசிக்கொண்டு பஸ்ஸில் தாராளமாக வருகிறாள். ஒருவரும் கேலி செய்வதில்லை. கீமோ என்கிற மருந்தேற்றத்தினால் அதே தலையில் மயிர் உதிர்ந்துவிட்டால் அது அவமானம். முக்காடு போட்டுக்கொண்டு சந்து வழியாகப் போகிறாள். மொட்டை ஒன்றுதான். கல்லுக்காகப் போன மயிருக்கு மரியாதையும், உயிருக்காகப் போன மயிருக்கு அவமானமும் என்றால், இதற்குப் பகுத்தறிவு என்று பெயர் சொல்ல முடியுமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒளிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். தாய்க்கு இந்த நோய் என்று தெரிந்தால் மகளுக்குச் சம்பந்தம் வராது என்கிற பயமே அது. "பரம்பரை வியாதி" என்று சொல்லிப் பேசி முடித்த சம்பந்தத்தையே முறித்துவிடுவார்கள் என்று பயந்து, மகளின் கலியாணம் முடியட்டும் என்று கட்டியோடு காத்திருக்கிற தாய்மார்கள் உண்டு. கலியாணம் முடிகிறபோது கட்டியும் முற்றிவிடுகிறது. உண்மை என்னவென்றால், இந்நோயில் 100க்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரையாக வரும் கோளாற்றினால் உண்டாவது. மற்றவை அப்படியல்ல. இது தொட்டால் ஒட்டும் வியாதியுமல்ல. தட்டையும் தம்ளரையும் தனியாக வைக்க வேண்டிய அவசியம் சிறிதுமில்லை. பெண்களின் வியாதி என்று ஒதுக்குவதற்கும் இடமில்லை. 100க்கு ஒன்றோ அதற்கும் குறைவாகவோ ஆண்களுக்கும் வருகிறது.

இனி, தலைவிதிக்கு வருவோம். "அவளவள் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டால் நம் ஜனங்களுக்கு எல்லாம் தீர்ந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்லுகிறது. செல்வ நாடுகளில் மார்புப் புற்று கண்ட பெண்கள் 100 பேரில் 90க்கு மேற்பட்டவர்கள் ஐந்து வருஷத்துக்கு மேல் உயிரோடிருக்கிறார்கள். இந்தியாவில் அப்படி இருப்பவர்கள் 66 பேர். நாம் கேட்கிறோம்: பிரமன் என்று ஒருவன் உட்கார்ந்து தலையெழுத்து எழுதுகிறான் என்றால், சீமைப் பெண்ணுக்கு ஒரு பேனாவும் சேலத்துப் பெண்ணுக்கு ஒரு பேனாவுமா வைத்திருக்கிறான்? இங்கே குறைகிற அந்த 24 பேரை எந்த விதி கொண்டுபோயிற்று? விதியல்ல, தோழர்களே! காலதாமதமும், வைத்திய வசதிக் குறைவும், பணமின்மையும், வெட்கமுமே அவர்களைக் கொண்டுபோகின்றன. இவை அத்தனையும் மனிதன் உண்டாக்கியவை. ஆதலால் மனிதனால் ஒழிக்கக்கூடியவை.

இந்தியாவில் 2022ஆம் வருஷத்தில் மாத்திரம் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுகளில் இதுவே முதலாவது. அடையாளங்களையும் சொல்லிவிடுகிறோம். மார்பிலோ அக்குளிலோ கட்டி. தோல் ஆரஞ்சுப் பழத்தோல்போல் குழிகுழியாவது. காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது. காம்பிலிருந்து இரத்தம் கசிவது. இவற்றில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கவில்லையே என்று நம் பெண்கள் மஞ்சள் பற்றுப் போட்டும், மந்திரித்தும், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டும் மாதங்களைக் கடத்துகிறார்கள். வலிக்காத கட்டியைத்தான் அவசியம் காட்டவேண்டும். காண்கிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றாக இருப்பதில்லை என்பதும் உண்மையே. எது புற்று, எது புற்றல்ல என்பதை மந்திரவாதியின் வேப்பிலை சொல்லாது. டாக்டரின் பரிசோதனைதான் சொல்லும்.

"புற்று வந்தால் சாவுதான்" என்பது பாமர மக்களின் எண்ணம் மாத்திரமல்ல; ஒரு காலத்தில் ஆட்சியிலிருந்தவர்களின் எண்ணமும் அதுவாகவே இருந்தது. 1886ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைச் சென்னைச் சட்டசபையில் தேவதாசி முறையை ஒழிக்க வாதாடியவர் என்ற அளவில் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவருடைய தங்கை 1923ல் புற்றுநோயினால் மாண்டார். அக்காள் டாக்டராயிருந்தும் காப்பாற்ற வழியில்லை. மற்றொருவராயிருந்தால் கர்மபலன் என்று அழுதுவிட்டு, திவசம் செய்து, பார்ப்பனருக்குத் தானம் கொடுத்திருப்பார். அம்மையாரோ புற்றுநோய்க்கென்று ஓர் ஆஸ்பத்திரி வேண்டுமென்று 1935ல் பகிரங்கமாக எடுத்துச் சொன்னார். புற்று வந்தால் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அதற்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று அதிகாரத்தில் இருந்தவர்களே கேட்டதாகப் பிற்காலத்தில் டாக்டர் சாந்தா அவர்கள் சொல்லியிருக்கிறார். அதற்கெல்லாம் அசையாமல், மாதர் சங்கத்தின் மூலம் வசூல் செய்து, 1954ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு அந்த ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். 1955ல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021ல் மாளுகிற வரையில் அந்த ஸ்தாபனத்துக்கே உழைத்தார். தங்கையின் சாவைத் தலைவிதி என்று அம்மையார் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தப் 12 படுக்கைகளும் வந்திரா. அங்கே பிழைத்தவர்களும் பிழைத்திரார்கள்.

சரி, ஆஸ்பத்திரியும் வந்துவிட்டது, மருந்தும் வந்துவிட்டது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்று வைத்தியத்துக்கும் இடமிருக்கிறது. அப்படியிருந்தும் "புற்று வந்தால் சாவு" என்கிற எண்ணம் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஏன் போகவில்லை? இங்குதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்த சங்கதி இருக்கிறது. செத்தவளை ஊருக்கெல்லாம் தெரிகிறது. பிழைத்தவளை ஒருவருக்கும் தெரியவில்லை. செத்தால் பறை அடித்துத் தெரிவிக்கிறோம். பிழைத்தால், "கர்ப்பப்பை ஆபரேஷன்" என்றோ, "பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தாள்" என்றோ சொல்லி மறைத்துவிடுகிறோம். ஆகவே ஊரார் கணக்கில் புற்று கண்டவர்களில் செத்தவர்கள் மாத்திரமே ஏறுகிறார்கள். பிழைத்தவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. இப்படிப்பட்ட கணக்கைப் பார்த்தால் எவளுக்குத்தான் பயம் வராது? எவள்தான் கட்டியைக் காட்ட முன்வருவாள்? பிழைத்தவள் ஒளிகிற ஒவ்வொரு வீட்டுக்கும் எதிர்வீட்டில், கட்டியை ஒளிக்கிற ஒருத்தி உண்டாகிறாள் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஒருத்தி வெளிப்படையாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1974ல் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டு அம்மையாருக்கு மார்புப் புற்று கண்டு ஒரு மார்பை எடுத்தார்கள். அந்நாட்டிலும் அக்காலத்தில் இது வாய்விட்டுச் சொல்லக் கூடாத வியாதியாகவே இருந்தது. அம்மையார் அதை மறைக்காமல் பத்திரிகைகளுக்குத் தெரிவித்தார். உடனே நாடெங்கும் பெண்கள் பரிசோதனைக்கு வந்து நின்றார்கள். மறைந்து கிடந்த நோய்கள் வெளிவந்ததால், புதிதாகக் கண்டவர்களின் எண்ணிக்கையே கொஞ்ச காலம் உயர்ந்து காணப்பட்டது. அவர் அதற்குப் பின் 2011 வரை, 93 வயது வரை உயிரோடிருந்தார். ஜனாதிபதியின் மனைவி சொன்னதை அமெரிக்கப் பெண்கள் கேட்டார்கள். பென்னாகரத்துப் பெண் யார் சொன்னால் கேட்பாள்? நாம் மேடையேறிச் சொன்னால் கேட்கமாட்டாள். தன்னைப்போலவே கேழ்வரகு புடைத்து, பட்டுப்புழுவுக்குத் தழை அறுத்துப் போட்டு, சந்தைக்கு வந்து போகிற ஒருத்தி, "எனக்கும் இப்படித்தான் இருந்தது, காட்டினேன், எடுத்தார்கள், எட்டு வருஷமாகிறது, இதோ நிற்கிறேன்" என்று சொன்னால் கேட்பாள். அந்த ஒரு சொல்லுக்கு நம் நூறு பிரசங்கங்கள் ஈடாகா.

பிழைத்தவளுக்கும் பிழைத்தவள் துணை வேண்டும். டாக்டர் உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அதன் பிறகு ரவிக்கை எப்படித் தைத்துப் போடுவது, குடத்தை எந்த இடுப்பில் எடுப்பது, புருஷன் முகத்தை எப்படிப் பார்ப்பது, ராத்திரி இரண்டு மணிக்கு நோய் திரும்பிவிட்டதோ என்கிற பயம் வந்தால் யாரிடம் சொல்வது என்பவற்றை எந்த மருந்துச் சீட்டிலும் எழுதிக் கொடுப்பதில்லை. 1952ல் நியூயார்க்கில் தெரீஸ் லாஸர் என்ற அம்மையாருக்கு மார்பை எடுத்தபோது அவருக்கும் இதே நிலைமைதான். கேட்டதற்குப் பதில் சொல்வாரில்லை. அவர் என்ன செய்தார்? தாம் தேறியவுடன், அதே அறுவை செய்துகொண்டு படுத்திருந்த மற்றப் பெண்களைத் தேடிப் போனார். கைப்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளப் பொய் மார்பு கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல புடவை உடுத்துவதுபோல் நன்றாக உடுத்திக்கொண்டு எதிரில் நின்று, தம்மையே சாட்சியாகக் காட்டினார். நோயாளிகளைக் கெடுக்கிறார் என்று சில டாக்டர்கள் அவரை வரவேண்டாம் என்றார்கள். அவரோ நிற்கவில்லை. 1969ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்த வேலையைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. பிறகு அது பல தேசங்களுக்கும் பரவிற்று.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நாம் மூடநம்பிக்கையைக் கண்டிக்கிறவர்கள். ஆதலால் நமக்குப் பிடித்த காரியத்திலும் மூடநம்பிக்கையை விடக்கூடாது. இப்படிக் கூடிப் பேசுவதால் ஆயுள் நீளுமா? 1989ல் ஸ்பீகல் என்ற அமெரிக்க டாக்டர் நோய் பரவிய 86 பெண்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியில், கூடிப் பேசியவர்கள் கூடுதல் காலம் இருந்ததாக வெளியிட்டார். உலகமே சந்தோஷப்பட்டது. ஆனால் 2001ல் கனடாவில் 235 பெண்களைக் கொண்டு மறுபடியும் சோதித்தபோது ஆயுள் நீளவில்லை என்று தெரிந்தது. 2007ல் அதே ஸ்பீகல் மறுபடி செய்த சோதனையிலும் பொதுவாக ஆயுள் நீண்டதாகத் தெரியவில்லை. அதை அவரே வெளியிட்டார். எந்தச் சாமியாராவது தன் விபூதி பலிக்கவில்லை என்று தானே பத்திரிகையில் எழுதினதுண்டா? இதுதான் விஞ்ஞானத்துக்கும் வேஷத்துக்கும் உள்ள வித்தியாசம். ஆயுளை நீட்டாவிட்டாலும், மனவேதனையும் வலியின் கடுமையும் குறைந்ததாக அந்தக் கனடாச் சோதனையே சொல்லுகிறது. அதுவே போதாதா? ஆகவே கூடிப் பேசுவது மருந்துக்குப் பதில் அல்ல. அது மருந்தை நடுவில் நிறுத்தாமல் சாப்பிடவும், தினந்தோறும் கரண்ட் வைக்கப் போகவும், அதாவது கதிர்வீச்சு வைத்தியத்துக்குப் போகவும், இருக்கிற நாட்களை மனுஷியாக இருந்து கழிக்கவும் உதவுவது.

இனி, விழா எதற்கு என்கிற இரண்டாவது ஆட்சேபணை. அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்த பெண்களுக்குக் கை வீங்குவதுண்டு. அதற்குப் பயந்து, அந்தக் கையால் கனமான வேலை எதுவும் செய்யக் கூடாது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 1996ல் கனடாவில் வான்கூவர் என்ற ஊரில் மெக்கென்ஸி என்ற டாக்டர் இது மெய்தானா என்று பார்க்கத் துணிந்தார். மார்புப் புற்றிலிருந்து மீண்ட 24 பெண்களைப் பழக்கி, சீன தேசத்து நீண்ட பந்தயப் படகில் உட்காரவைத்துத் துடுப்புப் போடச் செய்தார். ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. மாறாக அந்தப் பெண்கள் திடமும் உற்சாகமும் பெற்றார்கள். இன்று பல தேசங்களில் இப்படிப்பட்ட பெண்களின் படகுக் கூட்டங்கள் இருக்கின்றன. கூடிப் பந்தயமும் விடுகிறார்கள். பாருங்கள்! கொண்டாட்டமாக ஆரம்பித்த காரியமே வைத்தியர்களின் பழைய அபிப்பிராயம் ஒன்றை மாற்றியது. பரிசலும் துடுப்பும் ஒகேனக்கல்லுக்குப் பக்கத்திலிருக்கும் உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உங்களை ஐந்தருவியில் பரிசல் விடும்படி நாம் சொல்லவில்லை. உங்கள் கை செத்த கை அல்ல, டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொஞ்சங் கொஞ்சமாகப் பழக்கினால் கேழ்வரகு அறுக்கிற கையாகத் திரும்பும் என்றுதான் சொல்லுகிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிழைத்ததைக் கொண்டாடுவதென்றால் பிழைக்காதவர்களைக் குறை சொல்வதென்று அர்த்தமல்ல. தைரியமிருந்தவர்கள் பிழைத்தார்கள், இல்லாதவர்கள் செத்தார்கள் என்பதும் ஒரு புதுவிதத் தலைவிதிப் பேச்சே ஆகும். மிகுந்த தைரியசாலிகளும் மாண்டிருக்கிறார்கள். நோய் முற்றாகப் போகாமல் மருந்தோடு வருஷக்கணக்கில் வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த விழாவில் முதல் வரிசையில் இடம் வேண்டும்.

வியாதி கண்டவர் மூலையில் முடங்கவேண்டும் என்ற விதியை மீறியவர் ஒருவர் உங்கள் தாலுகாவிலேயே இருந்திருக்கிறார். பாப்பாரப்பட்டியில் 1925ல் மாண்ட சுப்பிரமணிய சிவா அவர்களுக்குச் சிறைவாசத்தில் குஷ்டநோய் கண்டது. ரயிலில் ஏறக் கூடாது என்று சர்க்கார் தடுத்தது. அவர் கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவருடைய மத அபிப்பிராயங்கள் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆனால் வியாதியை வெட்கமாகக் கொள்ளாமல், புண்ணோடும் கட்டோடும் ஜனங்களின் நடுவில் வந்து நின்றாரே, அந்தச் சுயமரியாதையை நாம் மதிக்கிறோம். ஆணுக்கு அது வீரம் என்றால் பெண்ணுக்கு மாத்திரம் அது வெட்கமாவதேன்?

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மார்பு போய்விட்டதால் மனைவி என்ற யோக்கியதை போய்விட்டது என்று நினைத்து வேறு பெண் தேடுகிற ஆண்கள் உண்டு. பெண் என்பவள் ஆணின் கண்ணுக்கு அழகும் குழந்தைக்குப் பாலும் கொடுப்பதற்காக மட்டும் இருக்கிற ஒரு சாமான் என்று வைத்துக்கொண்டிருப்பதன் பலனே இது. சாமானில் ஒரு பாகம் உடைந்தால் மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. மனுஷி என்று நினைத்தால் அப்படித் தோன்றுமா? உங்களுக்கு ஒரு காலை எடுத்திருந்தால் அவள் உங்களை விட்டுப் போயிருப்பாளா என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

ஆகவே, தாய்மார்களே, தோழர்களே, இக்கூட்டம் கைதட்டலோடு முடிந்துவிடக் கூடாது. பிழைத்த பெண்கள் மாதம் ஒரு முறை சந்தை நாளில் ஓரிடத்தில் கூடுங்கள். சந்தைக்கு வருகிறவளை எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். புதிதாக நோய் கண்டவள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒருத்தி கூடப் போங்கள். உங்களுக்குக் கொடுத்த மருந்தை அவளுக்குச் சொல்லாதேயுங்கள். ஒவ்வொருத்தியின் நோயும் வேறு, மருந்தும் வேறு. நீங்கள் கொடுக்க வேண்டியது மருந்தல்ல, உங்கள் முகத்தை. வருஷத்துக்கு ஒரு நாள் விழா வையுங்கள். அமெரிக்காவில் 1988 முதல் ஜூன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையைப் புற்றிலிருந்து மீண்டவர்களின் நாளாகக் கொண்டாடுகிறார்கள். உங்களுக்கு அந்த நாள்தான் வேண்டுமென்பதில்லை. ஐயரைக் கூப்பிட்டு நாள் பார்க்கவும் வேண்டாம். அவளவளுக்கு அறுவை செய்து பிழைத்த நாளே அவளவளுக்கு நல்ல நாள்.

வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பேனர் கட்டத் தெரிந்த இந்த ஊர், வாழ்வுக்குத் திரும்பி வந்த பெண்ணுக்கு ஒரு மாலை போடக் கற்றுக்கொள்ளட்டும். அந்த மாலையைத் தூர நின்று பார்க்கிற எவளோ ஒருத்தி, அன்று ராத்திரி தன் மார்பைத் தடவிப் பார்த்து, மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவாளானால், இவ்விழாவுக்குச் செலவான ஒவ்வொரு காசும் வசூலாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.